அஞ்சு நட்சத்திர மொய்

கீரை உருவுன கையோட தொட்டா இந்தப் போனு மசியமாட்டேங்குது, ஈரவெரலு ஆகாதாம் அதுக்கு, முந்தானையில தொடச்சுப்போட்டுத் தொட்டாத்தான் அந்தக் கறுப்புப் புள்ளி நவுருது. நவுந்து எங்க போவுது, ஒண்ணுமில்லை, வெள்ளை. புதுசாச் சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல மூக்கு முட்ட நின்ன மாதிரி ஒரே வெள்ளை. மேல தள்ளுனா டொக்குனு ஒரு சத்தம், ஒரு கோடு தெரியுது, அதான் செவுரு, சித்த நேரம் நிக்குது, அப்புறம் ஈரக்கால் தடம் தரையில காயற மாதிரி ஓரத்துல இருந்து காஞ்சு காஞ்சு காணாமப் போயிருது. போனதுக்கப்புறம் அங்க செவுரு இருந்துச்சுன்னு நாமதான் ஞாபகம் வெச்சுக்கோணும். இம்புட்டுத்தான் ஆட்டம். பாட்டு இல்லை, பொம்மை இல்லை, ஆரும் ஆரையும் சுடறதில்லை. இதுக்குப் பேரு சந்து. என்ற மருமவ தாரணி அந்த ரூமுக்குள்ள உக்காந்து வருசக்கணக்காச் செஞ்சது. இப்ப அந்த ரூமுக் கதவு சாத்தியிருக்குது, சாத்த வெச்சது நான். கோபமாச் சாத்தியிருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்கும். படார்னு சத்தம் வந்திருந்தா நான் ரெண்டு சொல்லி அவ ரெண்டு சொல்லி, பொழுதோட காப்பி வெக்கிறப்ப எல்லாம் சரியாப் போயிருக்கும். இவ மெதுவாச் சாத்துனா. கொழந்தை தூங்கற ரூமைச் சாத்தற மாதிரி. ஊடு இம்புட்டு அமைதியா இருந்து நான் கண்டதில்லை, கீழ ஆரோ கார் கழுவுறது மூணாவது மாடிக்குக் கேக்குது. டொக்கு. இங்கயும் செவுரு.

காலையில என்ன நடந்துச்சுன்னா, போனுக்குள்ள இந்த ஆட்டமெல்லாம் எறக்கிக்கிற கடை இருக்குதே, அந்தக் கடைக்காரன் தாரணிக்கு ஒரு மெயிலு போட்டிருக்கறான். உன்ற ஆட்டத்துக்குப் பொய்க் கருத்து ஏகத்துக்கு வந்திருக்குது, விசாரிச்சு முடியற வரைக்கும் அதை ஆரு கண்ணுக்கும் தெரியாம மறைச்சு வெக்கறோம்னு. அவ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு நேரா சமையக்கட்டுக்கு வந்தா. "அத்தை, இந்தக் கனகமணிங்கறது நம்ம ஈ பிளாக் கனகமணி அக்காளுங்களா?" ஆமா கண்ணுன்னேன். "சம்பூர்ணம்? சிவகாமாத்தாள்? ராஜாமணி மிஸ்?" ஆமா ஆமான்னு நானும் பெருமையாத் தலையாட்டுறேன், என்னமோ கலியாணத்துக்கு வந்தவிய பேரை மைக்குல படிக்கிறாப்புல. "எல்லாருமே ஞாயித்துக்கெழமை சாயந்தரம், ஒரே வைஃபைல இருந்து போட்டிருக்காங்க." ஆமா, நம்ம கிளப் ஹால்லதான், வாக்கிங் குரூப்பு சுண்டல் வெச்சன்னிக்குன்னேன். மொதல்ல அவ சிரிச்சா. நெசமாலுமே சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி, ஏன்னா ராஜாமணி மிஸ்ஸு எழுதியிருந்தது அப்பிடி, "குட் மார்னிங். தாரணி அடக்கமான பெண். பிரகதீஸ் மஸ்கட்டில் இருந்து எப்போது வருகிறான்?"னு என்ற மகனைப் பத்தி விசாரிப்பு வேற. சம்பூர்ணம் அவ விக்கிற பருப்புப் பொடிக்கு போன் நம்பர் போட்டிருந்தா. சிரிச்சு முடிச்சுப்போட்டு கேட்டா, நீங்க ஆடிப் பாத்தீங்ளா அத்தைன்னு. நான் அஞ்சு போட்டனே கண்ணுன்னேன். "ஆடிப் பாத்தீங்ளான்னு கேட்டேனுங்க." அடுப்புல பாலு பொங்குற மாதிரி ஒரு பாவனை பண்ணி நான் திரும்பிக்கிட்டேன், பாலு பொங்கலை, அவளுக்கும் தெரியும். "சரி விடுங்க. நான் அப்பீல் ஒண்ணு எழுதறேன், அதுவும் கடமைக்கு. அப்புறம் மொத்தமா எடுத்துடறேன். பழைய ஆபீசுல கூப்புட்டுட்டேதான் இருக்காங்க, அடுத்த மாசம் போயிடறேன். இதை ஆருமே பாக்கலீங்கத்தை, பாக்காமயே முடிஞ்சு போச்சு." அவ்வளவுதான் பேசுனா. அதுக்கப்புறந்தான் கதவு.

நான் என்ன தப்பு பண்ணினேன்னு அப்பத்திலிருந்து கீரைக் காம்போட சேத்து உருவிக்கிட்டே இருக்கறேன், உருவி முடியலை. எங்களுக்குத் தெரிஞ்சது மொய்யி. ஒருத்தருக்கு ஒரு விசேசம்னா போயி நிக்கோணும், வெக்கோணும். பந்தியில உக்காந்து தின்னு பாத்துட்டா மொய் வெக்கிறோம்? சாம்பாரு நல்லா இருந்துச்சு, நூறு எச்சா வெச்சிக்கன்னு ஆராச்சும் வெச்சதுண்டா? மண்டபத்துக்குள்ள நொழஞ்சதும் வெச்சுப்போட்டுத்தானே எலையில உக்காரப் போறோம். கனகமணியோட பையன் மெஸ்ஸு தொறந்தப்ப நாங்க எல்லாருந்தான் அஞ்சஞ்சு நட்சத்திரம் போட்டோம், அந்த மெஸ்ஸு வாசப்படியை நான் மிதிச்சதே கெடையாது, அங்க குடல் கொழம்புதான் விசேசமாம், நான் கறி தொட்டே வருசமாச்சு. அது தப்பா போச்சா என்ன, மெஸ்ஸு நல்லா ஓடுது. அதே மாதிரிதான் ஞாயித்துக்கெழமை நான் எந்திரிச்சு நின்னு, ஏனுங்கம்மா, என்ற ஊட்டுலயும் இப்ப ஒரு விசேசம், மருமவ ஆட்டம் ஒண்ணு எறக்கியிருக்கறா, ஆளுக்கு ஒரு மொய் வெச்சுப்போட்டுப் போங்கன்னேன். உடனே அத்தனை பேரும் கண்ணாடியைத் தேடறாங்க, போனைத் தேடறாங்க, ஒருத்தி பாஸ்வேர்டு மறந்துட்டா, அவ மகளுக்கு போன் போட்டு அந்தப் புள்ளை ஆபீசு மீட்டிங்குல இருந்து கத்துது. கனகமணி மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுப்போட்டு எங்கிட்ட வந்து காட்டுறா, "பாருங்க துளசிக்கா, மொத ரேங்கு குடுத்திருக்கறேன்!" ஏண்டி, ஒண்ணுன்னா மட்டம்டின்னு நான் சொல்ல, "அதெப்பிடீங்க்கா, எந்த ஊருல ஒண்ணாம் நம்பர் மட்டம்?" அப்பிடின்னு என்ற கூட சண்டைக்கு வர்றா. அன்னிக்கு எம்புட்டு சந்தோசம் எனக்கு. லிப்டுல மேல வர்றப்ப, தாரணிகிட்டச் சொல்லக்கூடாது, தானாத் தெரிஞ்சு துள்ளிக்கிட்டு வரட்டும்னு நெனச்சேன். தானாத்தான் தெரிஞ்சுச்சு.

இன்னிக்கு அவ கதவைச் சாத்துனதுக்கப்புறந்தான் குடும்ப வாட்சப் குரூப்புல அவ போட்டிருந்ததை மேல தள்ளித் தள்ளித் தேடி எடுத்தேன். மொத்தமே கொஞ்சம் பேருதான் கருத்து எழுதியிருந்தாங்களாம், எங்க மொய்யி வர்றதுக்கு முன்னால. எங்கெங்கயோ இருக்கறவிய, மூஞ்சி தெரியாதவிய. எழுதுன ஒவ்வொண்ணையும் படம் புடிச்சுக் குரூப்புல போட்டிருக்கறா. எல்லாம் இங்கிலீசு. ஒவ்வொண்ணுக்கும் அடியில தமிழ்ல அர்த்தம் எழுதியிருக்கறா. பிரகதீசுக்கு அர்த்தம் எதுக்கு, அவன் படிச்சவன். பேத்தி அதிராளுக்கு எதுக்கு, அது ஸ்கூலுக்குப் போறதே இங்கிலீசுலதான். அப்ப எனக்குத்தான். ஒவ்வொண்ணுக்கும் நான் கட்டைவெரலைத் தூக்கிக் காட்டியிருக்கறேன், என்ற மகன் கைகூப்பிக் கும்புட்டிருக்கறான், ஆரும் ஒரு எழுத்துப் படிக்கலை. இப்பப் படிக்கிறேன். ஒருத்தன், ஒண்ணுமே இல்லை, காலி, என் காசைத் திருப்பிக் குடுங்கறான், அடப்பாவி, சும்மா குடுத்த பண்டத்துக்கு எந்தக் காசை? இன்னொருத்தி, வேலைக்குப் போற ரயில்ல ஆடினேன், எறங்க வேண்டிய எடத்தை விட்டுட்டேன், இப்ப ஒரு வயக்காட்டு ஸ்டேசன்ல உக்காந்து இதை எழுதறேன், மூணு நட்சத்திரங்கறா. எங்க பூனை இதை என்னைவிட நல்லா ஆடுது, நாலு, அப்பிடின்னு ஒருத்தன். சுவர் மறையுற வேகம் அநியாயம், ரெண்டு. வழி சொல்லித்தர ஒரு பட்டன் வெச்சா என்ன கொறஞ்சா போயிருவாங்க, ஒண்ணு. அதுக்கு அடியில தாரணி, "பட்டன் வெக்க மாட்டேன்"னு எழுதி மொகத்தைச் சுளிக்கிற பொம்மை போட்டிருக்கறா. அப்புறம் ஒண்ணு, நீளமா, சண்டைக்காரன் எழுதுன மாதிரி. கடைசிச் சந்துல வெளியேறவே வழி கெடையாது, பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்து சும்மா நிக்கோணும், அப்பத்தான் முடியும், இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், இது மோசடி, ஒரே ஒரு நட்சத்திரந்தான் தருவேன். ஆனா அன்னிக்கு ராத்திரி என் வீட்டுல லைட்டுப் போடாம நடந்து பாத்தேன், எது எங்கே இருக்குதுன்னு எனக்குத் தெரியலை, இத்தனை வருசம் குடியிருந்த வீடு, அப்பிடின்னு. இதுக்கு அடியில தாரணி எழுதியிருக்கறா, "அத்தை, இவர் கடைசி வரைக்கும் போயிருக்கார்! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் எனக்குப் பிடிச்ச கருத்து!" ஆச்சரியக்குறி ரெண்டு. அதுக்குத்தான் நான் கட்டைவெரலு காட்டியிருக்கறேன். ஒத்தை நட்சத்திரம் வாங்கிட்டு இம்புட்டு சந்தோசப்பட்ட புள்ளைக்கு நான் வண்டி வண்டியா அஞ்சு கொண்டுவந்து கொட்டி, அதுல அந்த ஆளு பொதஞ்சே போயிட்டான்.

அதனாலதான் இப்ப ஆடறேன், கடையில மறைச்சாலும் என்ற போனுல எறக்குனது அப்பிடியே இருக்குது. அவ கதவைத் தொறந்து வர்றதுக்குள்ள ஒரு சந்தாவது தாண்டிரோணும். மொதலாவது லேசா வந்துருச்சு, ரெண்டு முட்டு, ஒரு திருப்பம், ஒரு ஓட்டைக்குள்ள புள்ளி விழுந்துச்சு, உடனே மொத்தச் சந்தும் படம் மாதிரித் தெரிஞ்சுது, நான் போன தடமும். அட, இம்புட்டுத்தானா, இதுக்கா இம்புட்டு முட்டுனோம்னு இருந்துச்சு. வெளிய வந்ததுக்கப்புறம் எந்த வழியும் நேர்வழி மாதிரித்தான் தெரியுது. ரெண்டாவதுல கொஞ்சம் சீரழிஞ்சேன், ஒரே செவுத்துல மறுக்கா மறுக்காப் போயி முட்டுறது. இங்க இருக்குதுன்னு தெரியும், தெரிஞ்சும் மறந்து மறுபடியும் அங்கயே. தாரணி வந்த புதுசுல அவகிட்டயும் நான் இப்பிடித்தான் முட்டுவேன். வேலையா இருக்கறப்ப சாப்டியா கண்ணுன்னு கேட்டா அவளுக்கு ஆகாது, ஒருக்கா மொகம் மாறுச்சு, சரின்னு ஒதுங்குனேன், பத்து நாளு கழிச்சு மறந்துபோயி மறுபடியும் கதவைத் தட்டி சாப்டியா. மனுசங்களுக்கும் அப்பிடித்தான், செவுரு எங்க இருக்குதுன்னு முட்டுனாத்தான், அதுவும் சித்த நேரந்தான்... அட, நாம் பாட்டுக்குப் பட்டிமன்றத்துல பேசறாப்புலப் பேசிக்கிட்டு இருக்கறேன், கனகமணி கேட்டா சிரிப்பா. ஆட்டத்தைப் பாரு. மூணாவது. மூணாவதுல என்னமோ சரியில்லை.

சரியில்லைன்னா, பயமா இருக்குது. வெறும் வெள்ளையைப் பாத்து ஆராவது பயப்படுவாங்ளா. இடது பக்கம் முட்டுது. மேல முட்டுது. திரும்பிப் போலாம்னா வந்த பக்கமும் முட்டுது. இப்பத்தானே அந்த வழியா வந்தேன், அது எப்பிடி முட்டும்? நான் எங்கியோ கணக்கை விட்டுட்டேன். இந்த மாதிரி ஒருக்கா நெசத்துலயே ஆச்சு, வேண்டாம், அதை இப்ப நெனைக்க வேண்டாம், கீரையைப் பாரு, பூச்சி இருக்கும், முருங்கைக்கீரையில கம்பளிப்பூச்சி இருந்தா தெரியாது. அவினாசி ரோட்டுல பெரிய ஆஸ்பத்திரி, அவியளை நெஞ்சு வலின்னு சேத்தியிருந்தோம், என்ற ஊட்டுக்காரரை. அப்ப பிரகதீசு ஊருல இல்லை, நான் மட்டுந்தான். சுடுதண்ணி வாங்கியாரோணும்னு பிளாஸ்கை எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். வெள்ளைத் தரை, வெள்ளைச் செவுரு, வெள்ளைக் கதவு. தரையில கோடு போட்டிருந்தாங்க, பச்சைக் கோடு புடிச்சுப் போனா கேன்டீனுன்னாங்க, போனேன், வாங்குனேன், திரும்பறப்பப் பச்சைக் கோட்டையே காணோம். நீலம் இருக்குது, மஞ்சள் இருக்குது. நடக்கறேன், ஒரு தொட்டியில பிளாஸ்டிக்குச் செடி, நடக்கறேன், மறுபடியும் அதே தொட்டி, இல்லை அதே மாதிரி வேற தொட்டியோ. ஆருகிட்டயும் கேக்கலை. ஏன் கேக்கலை? கேட்டா வழி சொல்லியிருப்பாங்க. ஆனா எனக்கு ரூம் நம்பரு மறந்துபோச்சு, புருசன் படுத்திருக்கற ரூமு தெரியாத பொம்பளைன்னு நெனைச்சுருவாங்களேன்னு வெக்கம். கடைசியா ஒரு கதவு நம்மளது மாதிரி இருந்துச்சு, ஜன்னல்ல என்ற துண்டு கெடந்துச்சு, ஆமா நம்ம ரூமுதான். கட்டிலு காலி. விரிப்பை உருவி மடிச்சு வெச்சிருக்குது. மெத்தை வெறும் மெத்தை.

அங்க நின்னது எம்புட்டு நேரமோ. பிளாஸ்கைக் கீழ வெக்கோணும்னுகூடத் தோணலை, கையில அதோட சூடு மட்டும் இருக்குது. அழுவையும் வரலை. நான் நெனச்சதைச் சொன்னா வெக்கக்கேடு, நான் நெனச்சேன், பச்சைக் கோட்டுல ஒழுங்காத் திரும்பியிருந்தா இது நடந்திருக்காதுன்னு. ஏதோ நான் வழி தப்புனதாலதான் அவிய... அப்புறம் ஒரு நர்சம்மா வந்து, ஏனுங்கம்மா, இங்க நிக்கிறீங்க, அவரைக் கீழ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனமே, விரிப்புல காப்பி கொட்டிட்டாரு அதனால மாத்தறோம்ங்கறா. கீழ போனா இவரு வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு ஒரு பன்னைத் தின்னுக்கிட்டு இருக்கறாரு. எங்கடி போன, பன்னு வேணுமான்னு கேக்கறாரு. அந்தப் பன்னைப் புடுங்கித் தூர எறியலாமான்னு வந்துச்சு எனக்கு. அதுக்கப்புறமும் வருசக்கணக்கா நல்லாத்தான் இருந்தாங்க, உசுரு போன எடம் வேற, போனது ஊட்டுலயே தூக்கத்துல. ஆனா அந்த வெறும் மெத்தை எனக்குள்ள அப்பிடியே கெடக்குது, ஆருகிட்டயும் சொன்னதில்லை, சொல்றதுக்கு அதுல என்ன இருக்குது, ஒண்ணும் ஆவலையே. இப்ப இந்தப் போனுக்குள்ள, இந்தப் புள்ளி தள்ளுன பக்கமெல்லாம் முட்டுறப்ப, கை அதே மாதிரிச் சூடா இருக்குது. தாரணிக்கு இது எப்பிடித் தெரியும்? தெரியாது. அவளுக்கு என்ன மெத்தையோ.

அவியளைப் பத்தி நெனச்சா இன்னொண்ணும் வருது, வந்தா வரட்டும். என்ற சமையலைப் பத்தி அவிய ஒருநாளும் கொறை சொன்னதில்லை. ஊரெல்லாம் அதைப் பெருமையாப் பேசும், துளசிமணிக்கு வாய்ச்ச மாப்பிள்ளை மாதிரி வருமான்னு. தட்டுல போட்டதுமே, கை வெக்கிறதுக்கு முன்னாலயே, நல்லாருக்குதும்பாங்க. முன்னாலயே. ஒருக்கா அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சேன், வேணும்னே உப்பே போடலை, ஒரு கல்லு போடலை. நல்லாருக்குதுன்னாங்க, தின்னாங்க, கையைக் கழுவிக்கிட்டுப் போயி பேப்பர் படிச்சாங்க. நான் சமையக்கட்டுல உக்காந்து அந்தச் சாதத்தை ஒரு வாயி அள்ளிப் போட்டுக்கிட்டேன், துப்பிப்போட்டேன். என்ற அம்மா ஊட்டுக்குப் போயிரலாமான்னு இருந்துச்சு. ஆருகிட்டப் போயிச் சொல்றது, என்ற புருசன் என்ற சமையலை நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாருன்னு அழுவ முடியுமா? சிரிப்பாங்க. ஒருத்தன் நம்மளைத் திட்டுனாக்கூட நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தானே திட்டறான். இது அப்பிடியில்லை. இது, நீ என்ன போட்டாலும் எனக்கு ஒண்ணுதான்ங்கறது. பாசந்தான், அவியளுக்கு என்ற மேல பாசம் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பாசத்துக்குள்ள நான் எங்க இருந்தேன்? ஐயோ. நானுந்தானே, தாரணிக்கு நானுந்தானே. கிளப் ஹால்ல சுண்டலும் கையுமா எந்திரிச்சு நின்னு, ஊரையே கூட்டி வெச்சு, நல்லாருக்குது, நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு.

கதவு தொறந்துச்சு. நான் தலையைத் தூக்கலை, வேணும்னு இல்லை, நெசமாலுமே புள்ளி நடுச்சந்துல நிக்குது, கண்ணை எடுத்தா எந்தச் செவுரு எங்க இருந்துச்சுன்னு போயிரும். பிரிட்ஜு தொறக்கற சத்தம், பாட்டில் சத்தம். மன்னிச்சுக்க சாமின்னு சொல்லலாம், காலையில இருந்து அதைத்தான் வாய்க்குள்ள உருட்டிக்கிட்டு இருக்கறேன், ஆனா சொன்னா அவ உடனே, பரவாயில்லீங்கத்தைன்னுருவா, அதுவும் ஒரு மொய்தான், அதோட முடிஞ்சு போயிரும். டொக்கு. எனக்குக் கோவமே வந்துருச்சு. "ஏ தாரணி, இதுல வழி இல்லை. நீ தப்பாச் செஞ்சு வெச்சிருக்கற." பாட்டிலோட அப்பிடியே நின்னுட்டா. "எதுலீங்க?" மூணாவதுலங்கறேன். "மூணாவதா? மூணாவது வரைக்கும் போயிட்டீங்ளா?" போனது கெடக்குது, வழி எங்கங்கறேன். "இருக்குதுங்க." "இல்லைங்கறேன். முட்டி முட்டிப் பாத்துட்டேன். வந்த வழியே இப்ப முட்டுது, வந்த வழி எப்பிடிடீ முட்டும்? எனக்கென்ன புத்தி பெசகிப் போச்சா?" டீன்னுட்டேன். அவ கலியாணமாயி வந்ததுல இருந்து ஒருநாளும் அவளை டீ போட்டுப் பேசுனதில்லை. அவ அதைக் கவனிச்ச மாதிரியே தெரியலை, கிட்ட வந்து என்ற தோளுக்கு மேல எட்டிப் பாக்கறா. "அது பின்னால மூடிக்குங்கத்தை. வேணும்னு வெச்சதுதான்." வேணும்னா? ஏன்டி? "ஏன்னா... நீங்க சொல்லுங்க, முட்டுனப்ப எப்பிடி இருந்துச்சு?"

"நல்லால்லை"ன்னேன். வாயில இருந்து வந்தே போச்சு. "ஒரு ஆஸ்பத்திரியில வழி தெரியாம நின்னேன், அந்த மாதிரி இருந்துச்சு. நெஞ்சு அடிச்சுக்குது, இந்தா தொட்டுப் பாரு. வயசானவியளை இப்பிடியா பயமுறுத்துவாங்க? ஒரு எச்சரிக்கை வேண்டாம்? ஆட்டம்னா கொஞ்சம் சந்தோசம் வேண்டாம்?" அவ என்ற மொகத்தையே பாக்கறா. குளுந்த பாட்டில்ல இருந்து தண்ணி சொட்டி அவ கால்ல விழுவுது, தொடைக்கலை. "பயமா இருந்துச்சுங்ளா? நெசமாவா? பொய் சொல்லலியே?" நான் எதுக்குப் பொய் சொல்றேன், காலையில இருந்து பட்டது போதாதா. "இத்தனை பேரு எனக்குத் தனியா மெயிலு போட்டாங்க, மூணாவதுல கோளாறு இருக்குது, சரி பண்ணுன்னுதான் எழுதுனாங்க. ஒருத்தர்கூட பயந்தேன்னு சொல்லலை. பயப்படோணும்னுதான் அத்தை அதை வெச்சேன். அந்த எடத்துக்குத்தான் மத்ததெல்லாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டா. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, சரி, அது இருக்கட்டும், ஆனா செவுரு நிக்கற நேரத்தை இன்னும் கொஞ்சம் எச்சா வெக்கலாம், என்னைய மாதிரி ஆளுக்கு ஞாபகம் வெச்சுக்கவே நேரம் பத்தலைன்னேன். "முடியாது." படார்னு சொன்னா. காலையில வராத சத்தம் இப்ப வந்துச்சு. "அதை எச்சா வெச்சா ஆட்டமே போச்சுங்கத்தை. ஒரு மூச்சு, அவ்வளவுதான் நிக்கோணும். எத்தனை தடவை மாத்தி மாத்தி வெச்சுப் பாத்திருக்கறேன் தெரியுங்ளா? அதுல மட்டும் நான் கை வெக்க மாட்டேன்." அப்ப ஒரு பட்டனாச்சும் வெய்யின்னேன். "பட்டனும் கெடையாது!" என்ற மேல பாயறா, கண்ணெல்லாம் செவந்து போயி, கையை ஆட்டி ஆட்டி, இவளை இப்பிடி நான் பாத்ததே இல்லை, மூடப்போற கடைக்கு ஆரும் இம்புட்டுச் சண்டை போடமாட்டாங்க.

புள்ளி நடுவுல நிக்குது. வலது பக்கம் நான் இன்னும் தள்ளவே இல்லைன்னு இப்பத்தான் ஒறைக்குது, மூணு பக்கம் முட்டுனதும் நாலாவதும் முட்டும்னு நானே முடிவு பண்ணிட்டேன். வெரலை முந்தானையில தொடச்சேன். அவ மூச்சை அடக்கிக்கிட்டுப் பக்கத்துல இருக்கறா, வழி சொல்லிரக்கூடாதுன்னு ஒதட்டைக் கடிச்சுக்கறா. தள்ளுனேன். முட்டலை. போவுது. போயிக்கிட்டே இருக்குது. "பட்டனும் இல்லை, நேரமும் தரமாட்ட. அப்ப நான் கொறைச்சுத்தான் போடுவேன், பாத்துக்க"ன்னேன். "போடுங்க. தாராளமாப் போடுங்க. எத்தனை போடுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

"இரு சாமி, அவசரப்படாத. நான் இன்னும் வெளிய வரலை."